புளியரைக்கு அப்பால் ஒரு கேலரி

குற்றாலத்தில் சீசன் என்பது மூன்று மாதக் கணக்கு. ஜூன் தொடக்கத்தில் கேரளக் கரையைத் தொடும் தென்மேற்குப் பருவமழை, மலைக்கு மேற்கே கொட்ட வேண்டியதைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்ச ஈரத்தோடு ஆரியங்காவுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். அந்த மிச்சம்தான் நமக்குச் சாரல். மெயினருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் விழத் தொடங்கியதும் கே.எல். நம்பர் போட்ட வண்டிகள் மாநில எல்லையில் இருக்கும் புளியரை இறக்கத்தில் வரிசை கட்டும். ஆகஸ்ட் முடியும்வரை தென்காசிக் கடைத்தெருவில் பாதிப் பேச்சு மலையாளமாக இருக்கும்.

அதே மூன்று மாதமும் கேரளத்து மலப்புரம் மாவட்டத்து வயல்களில் பந்து உருளாது. மழை ஓய்ந்து, நெல் அறுத்து, மண் இறுகி, நவம்பர் வாக்கில்தான் அங்கே ‘செவன்ஸ்’ தொடங்கும். அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து அது. அடுத்த மழைக்கு முன், மே மாதத்தில் முடிந்துவிடும். அங்கே பந்து உருளும் மாதங்களின் பிற்பகுதியில் இங்கே அருவி இளைத்துக்கொண்டே போய், மார்ச், ஏப்ரலில் வெறும் பாறையாக நிற்கும். ஒரே பருவக்காற்று இரண்டு ஊர்ச் சீசனையும் பாகம் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அவர்கள் நம் ஊருக்குக் குளிக்க வருகிறார்கள். மறு பாதி ஆண்டில் நாம் அவர்கள் ஊருக்குப் பந்து பார்க்கப் போகலாம். ஆனால் அப்படிப் போகிறவர்கள் மிகக் குறைவு. சபரிமலைக்குப் போகிறோம், குருவாயூருக்குப் போகிறோம், வேலைக்குப் போகிறோம். பந்துக்கு என்று போவதை வீட்டில் சொன்னால், “அதைத்தான் டிவியில போடுறானே” என்ற பதில் வரும். அந்தப் பதிலுக்கு எதிர்ப்பதில் கொஞ்சம் நீளம்.

பந்தாட்டம் பார்ப்பதற்கென்றே ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு போவது ஐரோப்பாவில் வேரோடிய பழக்கம். இங்கிலாந்தில் அதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. உச்சியில் பிரீமியர் லீக், 20 அணிகள். அதன் கீழே மூன்று டிவிஷன்கள், தலா 24 அணிகள். கூட்டினால் 92. இந்த 92 அணிகளின் மைதானங்களிலும் தலா ஒரு போட்டியாவது நேரில் பார்த்தவர்களுக்காக 1978-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் பெயரே ‘92 கிளப்’. இந்தக் கணக்கு என்றைக்கும் முழுசாக முடியாது என்பதுதான் இதில் சுவாரஸ்யம். வருஷா வருஷம் கடைசியில் நிற்கும் அணிகள் கீழே இறங்கும், ஐந்தாம் அடுக்கிலிருந்து வேறு அணிகள் மேலே ஏறும். யாராவது பழைய மைதானத்தை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டுவார்கள். பட்டியலை முடித்து நிமிர்ந்தவர் மறுபடியும் டிக்கெட் எடுக்க வேண்டும்.

‘கிரவுண்ட் ஹாப்பர்’ என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் இவர்களில் முற்றிப்போனவர்கள் 92-ஐப் பள்ளிப்பாடமாகத்தான் நினைக்கிறார்கள். அவர்களுக்கு அசல் ருசி அதற்குக் கீழே. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று இறங்கிக்கொண்டே போகும் அடுக்குகளில் தபால்காரரும் கொத்தனாரும் பள்ளி ஆசிரியரும் சனிக்கிழமை மட்டும் ஆட்டக்காரர்களாக மாறும் அணிகள் இருக்கின்றன. ஷெஃபீல்டில் ஹாலம் என்று ஒரு சின்ன கிளப் உண்டு. அதன் சாண்டிகேட் மைதானத்தில் 1860 டிசம்பர் 26 அன்று ஷெஃபீல்ட் கிளப்போடு ஓர் ஆட்டம் நடந்தது. உலகத்தின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸ் ஏற்றுக்கொண்ட இடம் அது. இன்றைக்கும் ஹாலம் அங்கேதான் ஆடுகிறது. மைதானம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும், யாரும் அதை நிரவவில்லை. ஜெர்மனியிலிருந்து கூட ஆட்கள் வந்து அந்தச் சரிவைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

சரிவைப் பார்க்க வருகிறார்கள் என்பது வேடிக்கையாகத் தெரியலாம். விஷயம் அதில்தான் இருக்கிறது. உச்சமட்டக் கால்பந்து எங்கே நடந்தாலும் ஒரே முகம்தான். 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம், அளந்து வெட்டிய புல், சுற்றி ஓடும் விளம்பரப் பலகை, அதே காமிராக் கோணம். மாட்ரிட்டா மான்செஸ்டரா என்று ஜெர்ஸியை வைத்துத்தான் சொல்ல முடியும். அதை டிவியில் பார்ப்பதே மேல், ரீப்ளேயும் உண்டு. வீட்டில் சொல்லும் அந்தப் பதில் இந்த அளவில் நியாயமானதுதான். அடுக்கு இறங்க இறங்கத்தான் மண் வெளியே தெரியும். ஒரு கோல் போஸ்டுக்குப் பின்னால் சர்ச் இருக்கும், இன்னொன்றுக்குப் பின்னால் ரயில் பாதை. இடைவேளையில் பார்வையாளர்கள் எழுந்து, தம் அணி அடுத்துத் தாக்கப் போகும் கோலின் பின்னால் இடம் மாறி நின்றுகொள்வார்கள், தடுக்க ஆள் கிடையாது. இங்கிலாந்தில் மேல் ஐந்து அடுக்குகளில் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது குடிக்கக் கூடாது என்று 1985-ல் போட்ட சட்டம் இருக்கிறது. கீழே இறங்கிவிட்டால் அந்தத் தடையும் இல்லை, கையில் கோப்பையோடு வேலியில் சாய்ந்துகொள்ளலாம். கோல்கீப்பர் தன் பின்வரிசை ஆளைத் திட்டுவது முழு வாக்கியமாகக் காதில் விழும். ஆட்டத்தின் தரம் குறைவுதான், ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அங்கே போவது ஆட்டத்தைப் பார்க்க மட்டும் அல்ல, அந்த ஊர் தன் சனிக்கிழமையை எப்படிக் கழிக்கிறது என்று பார்க்க.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு தென்காசியில் நின்று சுற்றிப் பார்த்தால், இங்கிலாந்துக்கு விமானம் ஏற வேண்டிய கட்டாயம் இல்லை. மேற்கே மலை இருக்கிறது, மலைக்கு அப்பால் வேறு ராஜ்யம் இருக்கிறது. ராஜ்யம் என்று சொல்வது அலங்காரம் இல்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை நம்மோடு இல்லை, முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. தென்காசி சென்னை மாகாணத்துத் திருநெல்வேலி ஜில்லா. பத்து கிலோமீட்டருக்குள் எல்லை. அதே காலத்தில், இன்றைய மலப்புரமும் கோழிக்கோடும் அடங்கிய மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. தென்காசிக்காரருக்குப் பக்கத்து வீட்டுச் செங்கோட்டை அயல் சமஸ்தானம், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த மலப்புரம் சொந்த மாகாணம். மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்த அந்த ஒரே நாளில் செங்கோட்டை உள்ளே வந்தது, மலபார் வெளியே போனது. நாம் இன்றைக்கு மலை தாண்டிப் பந்து பார்க்கப் போகும் ஊர், நம் பாட்டன் காலத்தில் ஒரே அரசாங்கத்துக்கு வரி கட்டிய ஊர்.

மலப்புரத்துப் பந்தும் அந்த மாகாணத்துக் கதைதான். மாப்பிளைக் கிளர்ச்சி நடந்த 1921-ல், அதை அடக்குவதற்காக மலபார் ஸ்பெஷல் போலீஸ் என்ற படையை மலப்புரத்தில் அமைத்தார்கள். வெள்ளைப் பட்டாளமும் பின்னால் இந்தப் போலீஸ் படையும் உதைத்த பந்தைச் சுற்றி நின்று பார்த்தவர்கள், அடக்கப்பட்ட அதே ஊர்க்காரர்கள். பார்த்தவர்கள் பிறகு உதைத்தார்கள். பதினொரு பேருக்கு வேண்டிய பெரிய மைதானத்துக்கு எங்கே போவது? அறுத்த வயல் இருந்தது. அதில் ஏழும் ஏழும் பதினாலு பேர் ஆடலாம். செவன்ஸின் எல்லாக் குணமும் இந்த இடச்சுருக்கத்திலிருந்து வந்ததுதான்.

அந்தக் குணம் என்ன என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆட்டம் அறுபது நிமிஷம், அரை மணி அரை மணியாக. களம் சின்னது, ஆட்கள் குறைவு. ஆகவே பந்தைப் பின்னுக்குத் தட்டித் தட்டிப் பொழுது போக்கும் வேலை நடக்காது. பந்து காலுக்கு வந்த அடுத்த கணம் ஒருவன் மேலே விழுவான். அவனை ஏமாற்றித் தாண்டிவிட்டால் எதிரே கோல்தான். நடுக்களத்திலிருந்தே அடிப்பார்கள். மண் கெட்டித்தரை என்பதால் பந்து எதிர்பாராமல் எகிறும், விழுந்தால் முழங்கை தேயும். தோளோடு தோள் மோதுவதை ரெஃப்ரி பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார். முறையான கால்பந்தில் பழகிய கண்ணுக்கு முதல் பத்து நிமிஷம் இது தெருச்சண்டையாகத் தெரியும். அதற்குள் இருக்கும் நுட்பம், குறிப்பாக நெருக்கடியில் ஒற்றைக் காலில் பந்தை நிறுத்தித் திரும்பும் வித்தை, மெல்லத்தான் புலப்படும்.

போட்டி நடத்தும் முறைதான் எனக்கு இன்னும் பிடித்தது. இங்கிலாந்துச் சின்ன மைதானம் ஒரு கிளப்பின் சொத்து, வருகிறவர்கள் அந்தக் கிளப்பின் ஆட்கள். செவன்ஸில் மைதானம் போட்டியை நடத்தும் உள்ளூர்க் கிளப்புக்குச் சொந்தம், அல்லது ஒரு சீசனுக்கு அவர்கள் வசம். ஆட வரும் அணிகளோ எங்கிருந்தோ வருபவை. நம் பக்கத்துக் கோயில் கொடைக்கு ஊர் கூடி வில்லுப்பாட்டுச் செட்டை வரவழைப்பதற்கு ஒப்பான ஏற்பாடு: செட் இன்றைக்கு இங்கே, நாளைக்கு வேறு ஊர்க் கொடையில். ஒரு மாதம்போல நடக்கும் போட்டியில் இரவுக்கு ஓர் ஆட்டம், தோற்ற அணி வெளியே. அணிகளின் பெயரைப் படித்தாலே அவற்றின் பிழைப்பு தெரியும். சூப்பர் ஸ்டுடியோ மலப்புரம், லின்ஷா மண்ணார்க்காடு, ராயல் டிராவல்ஸ் கோழிக்கோடு, ஃபிஃபா மஞ்சேரி, அல் மதீனா செர்ப்புளச்சேரி. போட்டோ ஸ்டுடியோவும் டிராவல்ஸ் ஆபீஸும் கால்பந்து அணியாக மாறி மாவட்டம் முழுக்கச் சுற்றுகின்றன. கேலரியில் உட்கார்ந்திருப்பவருக்கு அன்றைக்கு ஆடும் இரண்டு அணியும் ஒரே தூரம். மத்தியானம் டீக்கடையில் யார் பக்கம் என்று முடிவு செய்வார், நல்ல ஆட்டத்தைக் கண்டால் இடைவேளைக்குள் கட்சி மாறுவார். வெளியூர்க்காரன் ஒருவன் அந்தக் கூட்டத்தில் போய் உட்கார இதைவிட வசதி எங்கே கிடைக்கும்? எந்த அணிக்குக் கத்தினாலும் பக்கத்து இக்கா (அண்ணன்) முறைக்க மாட்டார்.

டிக்கெட் இரண்டு வகை. கேலரி, சேர். சேர் டிக்கெட் களத்தை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலி, கொஞ்சம் விலை கூடுதல். கேலரி என்பது கமுக மரத்தையும் மூங்கிலையும் கயிற்றால் கட்டி, மேலே பலகை பரப்பி எழுப்பியது. போட்டி முடிந்தால் பிரித்து அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். விளக்குக் கம்பங்களும் அப்படித்தான். பகலில் ஜீப்பில் மைக் கட்டி அறிவிப்பு ஓடும். இரவு எட்டு, எட்டரைக்கு மேல் ஆட்டம். வசூலில் செலவு போக மிச்சம் உள்ளூர் நற்காரியங்களுக்குப் போவது வழக்கம். வீட்டோடு கிடக்கும் நோயாளிகளுக்கான பாலியேட்டிவ் மையம், நூலகம், ஆம்புலன்ஸ் என்று ஊருக்கு ஊர் கணக்கு வேறுபடும். ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் ஒரு பஞ்சாயத்தின் வரவு செலவையே பார்த்துவிட்டு வரலாம்.

ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் செவன்ஸைச் சொல்ல முடியாது. நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட், லைபீரியா என்று பல நாட்டு இளைஞர்கள் சீசனுக்கு வந்து வாடகை வீட்டில் கூட்டமாகத் தங்கி இரவுக்கு ஓர் ஊரில் ஆடுகிறார்கள். எந்த நாட்டுக்காரர் ஆனாலும் கேலரிக்கு அவர் ‘சூடானி’தான். 2018-ல் வந்த ‘சூடானி ஃப்ரம் நைஜீரியா’ என்ற மலையாளப் படம் இந்த வாழ்க்கையைத்தான் எடுத்துக்கொண்டது. சக்கரியா முகமது இயக்கிய படம். காயம்பட்டுப் படுக்கையில் விழுந்த ஆட்டக்காரனை மேனேஜர் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் கதை. படத்தில் அந்த வீட்டு அம்மாக்கள் காட்டும் பரிவு உண்மையாக இருக்கலாம். ஆனால் எலும்பு முறிந்தால் யார் செலவு, விசா முடிந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விகளைப் பரிவை நம்பி விடுவது சரியில்லை என்பது என் கட்சி.

சரியில்லாதது அது மட்டும் அல்ல. செவன்ஸை அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் அங்கீகரிக்கவில்லை. போட்டிகளைக் கவனித்துக்கொள்ளத் தனியாக ஒரு செவன்ஸ் சங்கம் இருக்கிறது. 2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணாவில் நடந்த ஓர் ஆட்டத்தில் தன்ராஜன் என்ற பாலக்காட்டு ஆட்டக்காரர் களத்திலேயே நெஞ்சு வலித்து விழுந்து இறந்தார். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று கொல்கத்தாவின் மூன்று பெரிய அணிகளுக்கும் ஆடியவர். அத்தனை உயரத்தில் ஆடிய ஒருவர் நாற்பதை நெருங்கும் வயதில் இரவு ஆட்டத்துக்கு வந்து நிற்கிறார் என்றால், இந்திய ஆட்டக்காரனின் ஓய்வுக்காலம் எப்படி இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். அவர் குடும்பத்துக்கு நிதி திரட்ட அடுத்த மாதம், 2020 ஜனவரியில், பாலக்காட்டில் ஒரு காட்சிப் போட்டி வைத்தார்கள். இந்திய அணியின் முன்னாள் ஆட்டக்காரர்களான பாய்ச்சுங் பூட்டியாவும் ஐ.எம். விஜயனும் வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன் தற்காலிக கேலரி சரிந்து ஐம்பது பேர் அளவுக்குக் காயம். 2022 மார்ச்சில் வண்டூர் பக்கம் பூங்கோட்டில் செவன்ஸ் இறுதியாட்டத்தன்று இன்னொரு கேலரி கூட்டம் தாங்காமல் சாய்ந்தது. காயம்பட்டவர்கள் இருநூறு பேர் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள்.

ஆகவே போகிறவருக்கு ஒரு யோசனை: காசைப் பார்க்காமல் சேர் டிக்கெட் எடுங்கள். கேலரிதான் வேண்டும் என்றால் இறுதியாட்டத்தை விட்டுவிட்டுத் தொடக்கச் சுற்றுக்குப் போங்கள். கூட்டம் பாதி, ஆட்டம் அதே சூடு.

விஜயன் பெயர் வந்ததால் ஒரு வார்த்தை. ‘திமிரு’ படத்து வில்லனாக அவரைத் தெரிந்த தமிழர்கள், அவர் இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர் என்பதை அறியாமலே இருப்பார்கள். திருச்சூர் மாநகராட்சி ஸ்டேடியத்தில் சிறுவயதில் சோடா விற்றவர். பத்து பைசா சோடா விற்ற அதே இடத்தில் பிறகு பந்து பயின்று, கேரள போலீஸ் அணிக்குப் போய், நாட்டின் முதல் வரிசைக்கு வந்தார். அந்த ஸ்டேடியம் திருச்சூர் ரயில் நிலையத்திலிருந்து தூரம் இல்லை. மைதானம் தேடிப் போகிறவர்கள் போட்டி இல்லாத நாளிலும் எட்டிப் பார்க்க வேண்டிய இடம்.

செவன்ஸ் மட்டும்தானா என்றால், இல்லை. பதினொரு பேர் ஆட்டத்தின் கீழ் அடுக்குகளும் அங்கே உயிரோடு இருக்கின்றன. கேரள பிரீமியர் லீக் நடக்கிறது. 2024-ல் சூப்பர் லீக் கேரளா என்று ஆறு அணிகளோடு புதிதாக ஒன்று தொடங்கி, முதல் கோப்பையைக் காலிகட் அணி வாங்கியது. ஆனாலும் அந்த மண்ணின் பசியை அளக்க எனக்குத் தெரிந்த ஒரே உதாரணம் 2022-ன் சந்தோஷ் கோப்பை. மாநில அணிகளுக்கு இடையே 1941 முதல் நடக்கும் போட்டி அது. தொலைக்காட்சி லீக்குகள் வந்த பிறகு மற்ற ஊர்களில் அதைக் காலி பெஞ்சுகள்தான் பார்த்துக்கொண்டிருந்தன. 2022 ஏப்ரலில் அதை மலப்புரத்துக்குக் கொடுத்தார்கள். மஞ்சேரி பய்யநாடு ஸ்டேடியத்தில் கேரளா ஆடிய ஆட்டங்கள் ரம்ஜான் மாதத்து இரவுகளில் வந்தன. நோன்பு திறந்துவிட்டு ஊரே புறப்பட்டு வந்தது. அரையிறுதியில் கர்நாடகாவை 7-3 என்று கேரளா அடித்தது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஜெசின் ஒருவர் மட்டும் ஐந்து கோல் போட்டார். பெருநாளுக்கு முந்தைய இரவு, மே 2, இறுதியாட்டம். மேற்கு வங்கத்தோடு கூடுதல் நேரத்திலும் 1-1, பெனால்ட்டியில் 5-4. நாட்டின் மற்ற இடங்களில் யாரும் கவலைப்படாத ஒரு கோப்பைக்கு இத்தனை ஆயிரம் பேர் என்று அன்றைக்குப் பலரும் வியந்தார்கள். இரண்டாம் மூன்றாம் தரம் என்று நாம் ஒதுக்குவது அங்கே தரம் பார்த்து ஒதுக்கப்படுவதில்லை. ஆட்டம் நம் ஊரில் நடக்கிறதா, போவோம் என்பதுதான் அவர்கள் கணக்கு.

தமிழர்களும் ஒருமுறை இதே மாதிரி, அசல் இங்கிலாந்துச் சின்ன மைதானங்களைத் தேடிப் போயிருக்கிறார்கள். 2018-ல் மே 31 முதல் ஜூன் 9 வரை லண்டனில் ‘கோனிஃபா’ உலகக் கால்பந்துக் கோப்பை நடந்தது. ஃபிஃபாவில் இடமில்லாத தேசங்களும் சமூகங்களும் ஆடும் போட்டி. பதினாறு அணிகளில் தமிழீழமும் ஒன்று. புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆடும் இந்த அணி 2012-லேயே ஈராக் குர்திஸ்தானில் நடந்த விவா உலகக் கோப்பையிலும், 2014-ல் ஸ்வீடனில் நடந்த முதல் கோனிஃபாவிலும் இறங்கியிருந்தது. லண்டனில் ஆட்டங்கள் வெம்ப்ளியில் நடக்கவில்லை. ப்ரோம்லி, சட்டன், என்ஃபீல்ட் என்று கீழடுக்குக் கிளப்களின் மைதானங்களில் நடந்தன. இறுதியாட்டமே என்ஃபீல்ட் டவுன் கிளப்பின் சின்ன ஸ்டேடியத்தில்தான். தமிழீழம் தன் குழுவில் பலமாக அடிவாங்கியது, அதைப் பூசி மெழுக ஒன்றும் இல்லை. ஆனால் புறநகர் மைதானத்து வேலி ஓரம் நின்று தாய்மொழியில் ஓர் அணியை அதட்டி ஆடச் சொல்வதற்கு, லண்டனில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேறெங்கே வாய்க்கும்? மான்செஸ்டர் யுனைடெட் ஜெர்ஸி போட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். கோனிஃபாவுக்கு வந்த ஐரோப்பிய கிரவுண்ட் ஹாப்பர்கள் ஒரே வாரத்தில் திபெத்தையும் வடக்கு சைப்ரஸையும் தமிழீழத்தையும் பார்த்துப் பட்டியலில் குறித்துக்கொண்டார்கள்.

சரி, தென்காசியிலிருந்து போவது எப்படி? செங்கோட்டை-கொல்லம் ரயில் பாதை 1904-ல் வந்தது. மீட்டர் கேஜ் காலத்தில் பகல் வண்டியில் உட்கார்ந்து பதிமூன்று கண் பாலத்தையும் குகைகளையும் பார்த்துக்கொண்டு போவதே ஒரு யாத்திரை. அகலப்பாதை வேலைக்காக 2010-ல் மலைப்பகுதியை மூடினார்கள். எட்டு வருஷம் பஸ்தான் கதி. 2018-ல் திறந்த பிறகு பாலருவி எக்ஸ்பிரஸ் இந்த வழியாகப் பாலக்காடு வரை ஓடுகிறது. இரவில் தென்காசியில் ஏறினால் மலையைத் தூக்கத்திலேயே கடந்து, முற்பகலில் திருச்சூரில் இறங்கலாம். அங்கிருந்து ஷொர்ணூர், ஷொர்ணூரிலிருந்து நிலம்பூர் கிளைப் பாதை. தேக்கும் ஆலும் ஜன்னலை உரசும் ஒற்றைத் தடம் அது, 66 கிலோமீட்டர். பெரிந்தல்மண்ணாவுக்கு அங்காடிப்புரத்தில் இறங்க வேண்டும், வண்டூருக்கு வாணியம்பலம். எந்த ஊரில் அன்றைக்கு ஆட்டம் என்பதைச் சுவரொட்டியே சொல்லும். சொல்லாவிட்டால் டீக்கடையில் கேட்டால் இரண்டு மூன்று ஊர் பெயர் வரும், கூடவே எந்த அணி தேறும் என்ற ஆரூடமும் வரும். திரும்பும் பாலருவி பாலக்காட்டில் மாலை நாலு மணி வாக்கிலேயே கிளம்பிவிடும், செவன்ஸோ எட்டு மணிக்கு மேல். ஆகவே ஓர் இரவு அங்கே தங்காமல் முடியாது. ஒரே நாளில் போய்த் திரும்பும் ஆசையை விட்டுவிடுவது உடம்புக்கும் நல்லது. மழைக்காகவோ ஊரில் ஒரு சாவுக்காகவோ ஆட்டத்தைத் தள்ளிவைப்பதும் உண்டு. கீழடுக்குக் கால்பந்தில் இது சகஜம். இங்கிலாந்திலும் ‘மைதானம் தண்ணீரில்’ என்று வாசலில் அட்டை தொங்கத் திரும்பி வந்தவர்கள் ஏராளம்.

ரயிலுக்கு மனமில்லாதவர்களுக்குத் தெற்கே ஒரு வழி இருக்கிறது, அதற்கு மாநில எல்லையைக் கூடத் தாண்ட வேண்டாம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று வரிசையாக மீனவ ஊர்கள். தமிழ்நாட்டு அணிக்குப் பல வருஷமாக ஆள் கொடுத்துவரும் கரை இது. ஐ-லீகிலும் ஐ.எஸ்.எல்லிலும் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இந்தக் கரையிலிருந்து போனவர். சர்ச் முற்றத்தை ஒட்டிய மணல் மைதானத்தில் அலைச்சத்தத்தோடு ஆட்டம் பார்க்கலாம். மலப்புரத்து ஒழுங்கும் விளக்கும் இல்லை. பார்ப்பவர் பாதிப்பேர் ஆடுபவருக்கு உறவு என்பதால் விமர்சனம் மட்டும் கொஞ்சம் காரமாக இருக்கும்.

தென்காசிக்கென்று ஒரு கால்பந்து மைதானம் இப்படிப் பேர் வாங்கவில்லையே என்று கேட்பார்கள். வாங்கவில்லை. இங்கே கபடிக்குத்தான் இரவு விளக்கு எரிகிறது. கிழக்கே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் கோவில்பட்டிக்கு ஹாக்கி. அந்த ஊர் தலைமுறை தலைமுறையாக மட்டை பிடித்துத் தேசிய அணி வரை ஆள் அனுப்பியிருக்கிறது. கால்பந்து இல்லை என்று வருந்துவதைவிட, அங்கே செயற்கைப் புல் களத்தில் கோடையில் நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு ஒரு மாலை போகலாம். செவன்ஸ் முடிகிற சமயம், சாரல் இன்னும் தொடங்கியிருக்காது. மலப்புரத்திலிருந்து யாராவது ஒரு இக்கா மைதானம் தேடி மலை தாண்டி வந்தால், அவரை நான் முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன்.